பழைய டபள் கெப்புக்கு வீட்டில் டர்போ: முற்பணம் கொடுப்பதற்கு முன் ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள்

கந்தப்பளையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மரக்கறித் தோட்டம் செய்பவர். கையில் இருப்பது 1994ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ், நாலு வீல் ட்ரைவ் டபள் கெப், 3எல் என்ற மாதிரி டீசல் எஞ்சின். கம்பளையிலிருந்து உர மூட்டை ஏற்றிக்கொண்டு றம்பொடை வளைவுகளில் ஏறும்போது இரண்டாம் கியரைத் தாண்ட முடியவில்லையாம், பின்னால் வரும் பஸ்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டும் அளவுக்குக் கறுப்புப் புகையாம். ஒருவர் வந்து, "முழு டர்போ கிட் இருக்கிறது, ஒரே நாளில் நீங்களே பூட்டிவிடலாம், பம்பில் கொஞ்சம் டீசல் கூட்டிவிட்டால் பறக்கும்" என்று முற்பணம் கேட்கிறாராம். வீட்டுக் கொட்டகையில் அண்ணனோடு சேர்ந்து பூட்டலாமா, பூஸ்ட், அதாவது எக்ஸோஸ்ட் புகையால் சுழலும் டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகத் தள்ளும் காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் வைக்கலாம் என்பது கேள்வி.

பூட்டலாம் தம்பி. சாவி பிடித்துப் பழகிய இரண்டு பேர் இரண்டு கிழமை ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யக்கூடிய வேலைதான், ஒரே நாளில் ஆகாது. பூஸ்ட் 7 இறாத்தலுக்கு மேல் வேண்டாம். அந்த ஆளுக்கு முற்பணம் கொடுக்க வேண்டாம். பம்பின் டீசல் திருகாணியில் அவர் கை வைக்கவே வேண்டாம். இந்தக் கடைசி இரண்டையும்தான் நான் விரிவாகச் சொல்லப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கம் எஞ்சின் எரிந்து என்னிடம் வந்த வாகனங்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு இடத்தில்தான் கெட்டுப்போயிருக்கின்றன.

முதலில் அந்தப் புகை ஏன் வருகிறது என்று பார்ப்போம். கடற்கரையில் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14.7 இறாத்தல். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், அங்கே அது 12 இறாத்தல்கூட இல்லை. அதாவது ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லாமலேயே உங்கள் எஞ்சின் மூச்சுவிடுகிறது, ஆனால் டீசல் பம்ப் நீர்கொழும்பில் எவ்வளவு அடிக்குமோ அதே அளவைத்தான் கந்தப்பளையிலும் அடிக்கிறது. எரியக் காற்றுப் போதாத டீசல் கறுப்பாக வெளியே போகிறது. இப்போது யோசித்துப் பாருங்கள்: டர்போ தரும் முதல் 3 இறாத்தல், மலை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட காற்றைத் திருப்பித் தருவதற்கே சரியாகிவிடும். டீசல் ஏற்கெனவே கூடுதலாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அதனால் திருகாணியைத் தொடாமலே 5, 6 இறாத்தல் காற்று கிடைத்தால் புகை அடங்கும், இழுவை கூடும், எஞ்சின் இப்போது இருப்பதைவிடக் குளிர்ச்சியாக ஓடும். மேலே குடியிருப்பவர்களுக்குள்ள பெரிய வசதி இது. கொழும்பில் இருந்து வந்து டர்போ விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஆனால் அதற்கு முன் எயார் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள், டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் ஒரு பம்ப் ரூமில், அதாவது டீசல் பம்பும் இன்ஜெக்டரும் சரிபார்க்கும் இடத்தில், கொடுத்துச் சோதியுங்கள். அதிலேயே புகை பாதி குறைந்து, டர்போ வேண்டாம் என்று போனவர்களும் உண்டு.

அடுத்தது எஞ்சினின் உடம்பு. சூடாகும்வரை ஓடவிட்டு, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, எடுக்காமல் அந்த வாயின் மேலேயே சும்மா வையுங்கள். மூடி லேசாக நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்தாலோ, அந்த ஓட்டையிலிருந்து நீலப் புகை புசுபுசுவென்று வந்தாலோ பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், டர்போ காசை எடுத்து எஞ்சினைச் செய்யுங்கள். அப்புறம் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு இறுகுகிறது என்று பார்க்க வேண்டும், டீசலுக்கு உரிய மீற்றரோடு. 3எல்லுக்கு நல்ல அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 32 கிலோ, 20க்குக் கீழே போனால் எஞ்சின் முடிந்தது, சிலிண்டருக்குச் சிலிண்டர் 5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த எஞ்சினில் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா என்றும் பாருங்கள், இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்கு ஹெட் வெடிக்கிற பழக்கம் உண்டு. டைமிங் பெல்ட் மாற்றி 100,000 கிலோமீற்றர் ஆகியிருந்தால், அல்லது எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள்.

சரி, கிட். "முழு கிட்" என்று அவர் காட்டுவது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்த 2எல்-டி என்ற டொயோட்டா டர்போ எஞ்சினில் இருந்து கழற்றிய, சிடி20 என்ற மாதிரி டர்போவாகத்தான் இருக்கும். அது குறை இல்லை. 2எல்-டியின் எக்ஸோஸ்ட் மெனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே விடும் இரும்புக் குழாய்) உங்கள் 3எல் ஹெட்டில் அப்படியே உட்காரும், லேத்தில் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. குறை எங்கே என்றால், இடையில் நிற்கும் ஆட்களிடம். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒருவர் எடுக்கிறார், கண்டியில் இன்னொருவர் கைமாற்றுகிறார், நுவரெலியாவுக்கு வரும்போது அதற்கு வெள்ளிப் பெயின்ட் அடித்து, விலை இரண்டு மடங்காகி, "ரீகண்டிஷன்" என்று பெயரும் ஆகிவிடுகிறது. உள்ளே யாரும் திறந்திருக்க மாட்டார்கள். பெயின்ட் அடித்த டர்போவை வாங்காதீர்கள். அழுக்காக, ஒயில் கறையோடு இருக்கிற டர்போ உண்மை பேசும்.

கையில் எடுத்ததும் காற்று இழுக்கும் பக்கத்து விசிறியின் நுனிகளை விரலால் தடவிப் பாருங்கள், ரம்பம் போல இருந்தால் ஃபில்டர் இல்லாமல் மண் தின்ற சாமான். நடுத் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஒரு துளி ஆடும், அது இருக்க வேண்டியதுதான், ஒயில் போனதும் அந்த இடைவெளி நிரம்பிவிடும். முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளும்போது ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொன்று, ஒயில் போகிற குழாயும் திரும்புகிற குழாயும் அதனதன் போல்ட்டோடு முழுசாக இருக்கின்றனவா என்று பாருங்கள். கழற்ற நேரமில்லாமல் கிரைண்டரால் வெட்டி எடுத்திருப்பார்கள், அதை "இங்கே லேத்தில் செய்துகொள்ளலாம்" என்பார்கள். வெட்டிய இரும்புத் தூள் டர்போவுக்குள்தான் போயிருக்கும்.

இந்தக் குழாய்களைப் பற்றி ஒரு விஷயம். என்னிடம் ஒருமுறை ஒரு ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டர்போ பூட்டி இருபது நிமிடம்கூட ஓடவில்லை, விசில் சத்தம் கேட்டதாம், அப்புறம் கடகட என்றதாம், அதோடு நின்றுவிட்டது. ஒயில் போகிற குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன், மறுபக்கம் தெரியவில்லை. கம்பியை விட்டுத் தள்ளினால் சிவப்பு சிலிக்கன் பசை, ஒரு போஞ்சி விதை அளவு, உருண்டு திரண்டு வெளியே வந்து விழுந்தது. ஒயில் ஒழுகக் கூடாது என்று பயந்து பாஸ் ஒருவர் இணைப்பில் தாராளமாகப் பூசியிருக்கிறார். பூசினால் வெளியே வருகிற அளவு உள்ளேயும் போகும், அது பிய்ந்து போய் ஓட்டையில் உட்காரும். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் தண்டுக்குச் சில விநாடி ஒயில் இல்லாவிட்டால் போதும், பெயரிங் போய்விடும். செப்பு வாஷரும் கேஸ்கட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள், அந்த இடத்துக்கு சிலிக்கனைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

திரும்புகிற குழாய் அதைவிட முக்கியம், அதை யாரும் கவனிப்பதில்லை. அதில் ஒயிலைத் தள்ளுவதற்குப் பம்ப் இல்லை, தானாகக் கீழே விழ வேண்டும். அகலமாக, எங்கும் தொய்ந்து மேலே ஏறாமல், எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டியான சம்பில் உள்ள ஒயில் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். சமதரையில் பார்த்துவிட்டுச் சரி என்று விடாதீர்கள். உங்கள் தோட்டத்து ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே போகும்போது ஒயில் முழுவதும் சம்பின் பின்பக்கம் போய்விடும், குழாய் பின்னால் வைத்திருந்தால் அதன் வாய் மூழ்கிவிடும், டர்போவில் தேங்கிய ஒயில் சீலைத் தாண்டிக் காற்றுக் குழாய்க்குள் வரும். எஞ்சின் ப்ளாக்கில் அதற்கென்று இடம் இல்லாவிட்டால் சம்பைக் கழற்றி, வெளியே எடுத்து, முன்பக்கம் மேலே துளைத்து வெல்ட் பண்ணுங்கள். எஞ்சினில் இருக்கும்போதே துளைக்கச் சொல்கிறவர் வேலை தெரியாதவர்.

இப்போது டீசல் திருகாணி. பம்பின் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ, அதை அரைச் சுற்றுத் திருப்பினால் வண்டி உண்மையிலேயே பறக்கும், ஒரு மாதம். அப்புறம் பிஸ்டன் உருகும். டர்போவுக்கு முன்னால் மெனிஃபோல்டில் புகையின் வெப்பம் தொடர்ந்து 700 பாகை செல்சியஸைத் தாண்டக் கூடாது, அதை அளக்கும் மீற்றர் டாஷ்போர்ட்டில் இல்லாமல் அந்த ஸ்க்ரூவில் கை வைப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு றம்பொடை இறங்குவது போல. உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 22.2க்கு 1, டர்போவுக்காகச் செய்த எஞ்சின் இல்லை, அதனால்தான் 7 இறாத்தலில் நிறுத்தச் சொல்கிறேன். பூஸ்ட் மீற்றரும் வெப்ப மீற்றரும் கிட்டோடு வராது, தனியாக வாங்க வேண்டும், அதற்குக் காசில்லை என்றால் டர்போவுக்கும் காசில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இந்த அளவுக்குத் தேவையில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகைப் பரிசோதனையில் தேற வேண்டும் என்பதற்காக இதற்கு முன் யாரோ அந்த ஸ்க்ரூவைக் குறைத்து வைத்திருக்கலாம். மேலே உள்ள வண்டிகளில் இது நிறையவே நடக்கிறது. அப்படிக் குறைத்த வண்டியில் டர்போ பூட்டினால் காற்று வரும், அதற்கேற்ற டீசல் வராது, பூட்டியும் இழுக்கவில்லையே என்று தோன்றும். பம்ப் செய்த கம்பனி, அந்த ஸ்க்ரூவின் மேல் யாரும் திருப்பாதபடி ஒரு உலோக வளையம் போட்டுத்தான் அனுப்பும். அது உடைந்தோ இல்லாமலோ இருந்தால் யாரோ தொட்டிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வண்டி கறுப்பாகப் புகைக்கிறது என்கிறீர்கள், ஃபில்டரும் இன்ஜெக்டரும் சரியாக இருந்து அப்படிப் புகைத்தால் குறைத்திருக்க வாய்ப்பில்லை, கூட்டித்தான் இருப்பார்கள். எப்படியிருந்தாலும் வளையம் உடைந்திருந்தால் பம்பைக் கழற்றி பம்ப் ரூமில் கொடுத்து, கம்பனி அளவுக்கே வைத்துத் தரச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அந்த அளவிலிருந்து தொடங்கினால் மட்டும்தான் நான் மேலே சொன்ன கணக்குப் பொருந்தும். வளையம் முழுசாக இருந்தால் இந்தப் பந்தியை மறந்துவிடலாம்.

இதே ஸ்க்ரூவை வைத்துத்தான் புகைச் சான்றிதழ்த் தரகர்களும் பிழைக்கிறார்கள். சோதனைக்கு முதல் நாள் குறைப்பது, சான்றிதழ் கிடைத்து வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்த பிறகு கூட்டுவது. சோதனை இயந்திரம் அந்த நிமிடத்துப் புகையின் கருமையை மட்டும்தான் பார்க்கும், அடுத்த நாள் அதே வண்டி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் முகத்தில் கரியைக் கக்கிக்கொண்டு போவதை யாரும் பார்ப்பதில்லை. ஒழுங்காகச் செய்கிறவனுக்கோ வழி சொல்ல ஆள் இல்லை. எஞ்சினில் செய்த ஒரு மாற்றத்தைப் பற்றி விசாரிக்க நான் ஒரு அலுவலகத்துக்கு விடியற்காலை பஸ் ஏறிப் போய், மூன்று யன்னல்களில் நின்று, நாலாவது யன்னலுக்குப் போகச் சொல்லி, அங்கே சாப்பாட்டு நேரம் என்று சொல்லி, கடைசியில் வாசலில் நின்ற ஒருவர் "நான் செய்து தருகிறேன் அண்ணன்" என்று வந்தார். அந்த ஆளிடம் போகாதீர்கள். எஞ்சினையே மாற்றாதவரை உங்கள் எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும், ஆனாலும் காப்புறுதிக் கம்பனிக்கு டர்போ பூட்டியதை எழுத்தில் அறிவித்து, அவர்கள் பதிலையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். விபத்து நடந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதல் ஸ்டார்ட். புது ஒயில், புது ஒயில் ஃபில்டர். டர்போவின் மேல் ஓட்டையில் சுத்தமான ஒயிலை ஊற்றி விசிறியைக் கையால் சுற்றுங்கள். பம்பில் டீசலை நிறுத்தும் சொலனொய்டின் வயரைக் கழற்றிவிட்டு, எஞ்சின் பிடிக்காதபடி பத்துப் பத்து விநாடியாக ஸ்டார்ட்டரை அடியுங்கள், திரும்புகிற குழாயின் கீழ் முனையைக் கழற்றி ஒரு போத்தலில் விட்டால் ஒயில் வருவது தெரியும். வந்த பிறகுதான் வயரைக் கொழுவ வேண்டும். அண்ணனை காற்றுக் குழாய்ப் பக்கம் ஒரு கனமான பலகையோடு நிற்கச் சொல்லுங்கள். சீல் போன டர்போ ஒயிலைக் காற்றுக் குழாய்க்குள் விட்டால் டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்துக்கொண்டு தானாக வேகம் பிடிக்கும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வாயைப் பலகையால் அடைத்தால் நிற்கும். கையால் அடைக்கக் கூடாது, துணியாலும் கூடாது, உள்ளே இழுத்துவிடும். ஐந்து நிமிடம் வேகம் கூட்டாமல் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பாக டோர்ச் அடித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில். ஏற்றம் ஏறி வந்ததும் உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ஏறுவதற்கு டர்போ உதவும், இறங்குவதற்கு உதவாது. மூட்டைகளோடு வேகமாக மேலே வரும் வண்டி மரக்கறியோடு அதே வேகத்தில் கீழே போகப் பார்க்கும், முப்பது வருஷத்துப் பிரேக் அப்படியே இருக்கும். சம்பைக் கழற்றுகிற அதே ஞாயிற்றுக்கிழமை நான்கு சில்லையும் கழற்றி, பிரேக் ஷூவையும் பேடையும் ஹோஸையும் பார்த்து, ஃப்ளூயிட்டையும் மாற்றிவிடுங்கள்.