மறுபடியும் சுன்னத் செய்ய வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. 40ஆம் நாளில் பிளாஸ்டிக் வளையம் போட்டு சுன்னத் செய்தோம். புண் நன்றாகவே ஆறியது. இப்போது தோல் மேலே ஏறி, ஆண்குறியின் நுனி மொட்டைப் பாதி மூடிக்கொள்கிறது. ஓரத்தில் அரிசி மணி போல வெள்ளையாக ஒன்று தெரிகிறது. "அரைகுறையாக வெட்டிவிட்டார்கள், திரும்பச் செய்யுங்கள்" என்று மாமியார் தினமும் சொல்கிறார். காட்டிய டாக்டரும் மயக்க மருந்து கொடுத்துச் செய்துவிடலாம் என்கிறார். எனக்கு மனசே வரவில்லை.
- ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: தேதி குறித்துவிடாதீர்கள் அம்மா. நாளை குளிக்க வைக்கும்போது பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். குஞ்சின் (வீட்டுச் சொல்லே இருக்கட்டும்) இரண்டு பக்கமும் விரல் வைத்து, அடிவயிற்றுச் சதையை மெல்ல உள்ளே அமுக்குங்கள். மொட்டு முழுசாக எட்டிப் பார்க்கிறதா? அப்படியானால் அதை மறைப்பது கொழுப்பு. விரலை எடுத்ததும் மறுபடி பதுங்கிவிடும், பயப்படாதீர்கள். பிள்ளை நடந்து ஓடி, தொந்தி வற்றும்போது பெரும்பாலும் சரியாகிவிடும். திரும்ப வெட்டச் சொல்லி என்னிடம் கூட்டி வந்த எத்தனையோ பிள்ளைகளை இப்படி அமுக்கிக் காட்டியே வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். கொழுப்பு இருக்கத் தோலை வெட்டினால், வளர்கிற வயதில் தோல் பற்றாமல் போகும்.

அந்த அரிசி மணி சீழ் இல்லை. உதிர்ந்த தோல் துகள்கள், மொட்டோடு தோல் லேசாக ஒட்டிய இடத்தில் மாவு போல அடைந்திருக்கும். தானாக வெளியே வரும், ஒட்டலும் நாளடைவில் பிரியும். கிள்ளவோ, தோலைப் பலமாக இழுக்கவோ வேண்டாம். ஒரு பாட்டி தினமும் தேங்காய் எண்ணெய் போட்டு இழுத்து இழுத்தே புண்ணாக்கி, சும்மா விட்டிருந்தால் பிரிந்திருக்கும் ஒட்டலைத் தடித்த தழும்பாக்கிக் கொண்டுவந்தார். பாசம்தான், என்ன சொல்ல!

அமுக்கியும் மொட்டு வெளியே வராமல், முன்பக்கம் வெளிறி இறுகிய வளையம் தெரிந்தால் கதை வேறு. வெட்டிய இடத்துத் தழும்பு சுருங்கி மொட்டை உள்ளே அடைத்துவிட்டது என்று அர்த்தம். அப்போதும் உடனே கத்தி எடுப்பதில்லை. பீட்டாமெத்தசோன் களிம்பை இரு வேளை, 4 முதல் 6 வாரம் தடவச் சொல்லிப் பார்ப்போம். பலருக்கு அதிலேயே இளகிவிடும். ஸ்டீராய்டு களிம்பு என்பதால் நீங்களாக மருந்துக் கடையில் வாங்காதீர்கள். அதற்கும் இளகாவிட்டால் திருத்தத்தான் வேண்டும். மொட்டிலிருந்து பின்தோலுக்குப் பாலம் போட்டது போல் தடித்த தோல் ஓடினாலும் அது தானாகப் பிரியாது, வெட்டிவிட வேண்டும்.

சிறுநீர் போகும்போது தோல் பலூன் மாதிரி உப்பினாலோ, சொட்டுச் சொட்டாக முக்கிப் போனாலோ, சிவந்து வீங்கினாலோ காத்திருக்காதீர்கள். இதில் எதையும் நீங்கள் எழுதவில்லை. பார்வைக்குச் சரியில்லை என்பது மட்டுமே காரணமென்றால், இந்த வயதில் மயக்க மருந்து கொடுக்க நான் ஒப்பமாட்டேன்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். "மறைப்பது கொழுப்பா, தழும்பா?" என்று நேராகவே கேளுங்கள். போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள், டாக்டர் அமுக்கிக் காட்டும்போது அவரும் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.