உங்களுக்குப் பிடித்த படம் நீங்கள் யார் என்பதைச் சொல்லுமா?

கோலாலம்பூரில் படிக்கும் மாணவன் என்றும், பிடித்த படம் எது, தொடர் எது என்று யாராவது கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வதாகவும், கடைசியில் உண்மையிலேயே எது பிடிக்கும் என்று உங்களுக்கே தெரியாமல் போய்விட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நாம் பார்ப்பதை வைத்து நாம் யாரென்று சொல்ல முடியுமா என்பது உங்கள் கேள்வி.

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. 14 வயதில் நானும் இதே பொய்யைச் சொன்னவன். நீங்களும் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனவராகத்தான் இருக்க வேண்டும். வகுப்பில் நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள்தான் இருந்திருப்பார்கள். அங்கேதான் இந்தப் பழக்கம் ஆரம்பிக்கிறது.

நான் கோலாலம்பூரின் செந்தூலில் வளர்ந்தவன். வீட்டில் ஒரே ஒரு தொலைக்காட்சி. சாயங்காலம் பாட்டிக்குச் சீரியல், ராத்திரி அப்பாவுக்குப் பழைய படம், மிச்ச நேரம் எனக்கும் தங்கைக்கும். மலாய் பேசும் டோரேமோனையும், உப்பின் இப்பின் என்ற மலேசியக் கார்ட்டூனையும் பார்த்துத்தான் இருவரும் வளர்ந்தோம். உப்பின் இப்பின் 2007இல் தொடங்கியது. இங்கே அதைப் பார்க்காத பிள்ளை இருக்க வாய்ப்பில்லை. அதில் வரும் கம்பத்தில், அதாவது கிராமத்தில், ஜார்ஜிட் சிங் உண்டு, ராஜூ உண்டு, முத்து அங்கிள் உண்டு. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், இன்றைக்கும்தான். ஆனால் இடைநிலைப்பள்ளியின் முதல் வருடமான படிவம் 1இல் என் பெயரே ஜார்ஜிட் ஆகிவிட்டது. அவன் பஞ்சாபிப் பையன், நான் தமிழ்ப் பையன் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். நான் வாயைத் திறந்தாலே பின் வரிசையிலிருந்து ஜார்ஜிட் மாதிரியே "மார்வலஸ், மார்வலஸ்" என்று குரல் வரும். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதில் இரண்டு பேர் இன்றும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருகிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன், பொதுவில் எல்லாரும் பார்க்கும் திரையில் நம் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் ஒரே ஒரு முகம் இருந்தால், அந்தப் பெயரை நம்மேல் ஒட்டிவிடுகிறார்கள்.

அப்புறம் தமிழ்ப் படங்கள். அப்பா தமிழ்நாட்டுப் படங்களின் தீவிர ரசிகர். துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில் இருக்கும் கொலிசியம் தியேட்டரில் வரிசையில் நின்று படம் பார்த்த கதைகளை இன்னும் சொல்வார். எங்களையும் மாதம் ஒரு முறையாவது படத்துக்குக் கூட்டிப் போவார். படத்துக்கு அடியில் மலாய் வரிகள் ஓடும் இல்லையா, அதைப் படித்துப் படித்துத்தான் எனக்கு மலாய் வாசிப்பு வேகமானது. காதில் தமிழ், கண்ணில் மலாய். இப்படித்தான் நாங்கள் இரண்டு மொழியும் கற்றோம்.

ஆனால் அந்தப் படங்களில் பேசும் தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை. எங்கள் வீட்டில் மலேசியப் பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் கிடையாது, வெள்ளிதான். காலையில் "பசியாறியாச்சா?" என்றுதான் கேட்போம். கடையிலிருந்து சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தால் அது தாப்பாவ். பாட்டிக்குக் கார் என்றால் காடி, ரப்பர் என்றால் கித்தா. இதெல்லாம் உடைந்த தமிழ் என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். சரியான தமிழ் பாடப்புத்தகத்தில் இருக்கிறது, அழகான தமிழ் சென்னையில் இருக்கிறது, நமக்கு வாய்த்தது இதுதான் என்று. யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. திரையில் ஒரு நாளும் கேட்காத பேச்சு தவறான பேச்சாகத்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

2015 டிசம்பர் பள்ளி விடுமுறையில் 'ஜகாட்' வந்தது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய மலேசியத் தமிழ்ப் படம். கெட்ட என்று அர்த்தம் வரும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல்தான் நம் ஆட்கள் வாயில் ஜகாட் ஆனது. குறும்பு பண்ணும் பிள்ளையைத் திட்ட எங்கள் பாட்டியும் அதைத்தான் சொல்வார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறி புறம்போக்கில் பலகை வீடு கட்டிக்கொண்ட ஒரு குடும்பம். அப்போய் என்று 12 வயதுப் பையன். படி படி என்று அடிக்கும் அப்பா மணியம். குண்டர் கும்பலில் ஒரு சித்தப்பா, போதைப் பழக்கத்திலிருந்து மீண்ட இன்னொருவர். கதை இவ்வளவுதான்.

படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே எனக்கு உடம்பு சிலிர்த்தது. பெரிய காட்சி எதற்கும் இல்லை. அவர்கள் பேசிய விதத்துக்கு. மலாய்ச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் எங்கள் வீட்டு அடுப்படியில் கலப்பது போலவே கலந்து வந்தன. வசனம் என்றே தோன்றவில்லை. இருட்டில் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவுக்குப் படம் பிடிக்கவில்லை.

வெளியே வந்து மோட்டார் சைக்கிளைக் கிளப்பும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், "இதையெல்லாம் எதுக்குடா படமா எடுக்கணும்? இதுலேருந்து வெளிய வர நாங்க எவ்ளோ பாடுபட்டோம்." அப்பா பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை விற்றதும் தாத்தா குடும்பத்தோடு கோலாலம்பூர் வந்து பலகை வீட்டில் குடியேறினார். அப்பாவுக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ. அப்போயின் வயது. ஒரு நாள்கூட அந்த வீட்டைப் பற்றி அவர் எங்களிடம் பேசியதில்லை. அவருக்கு சினிமா என்றால் அந்த வீட்டிலிருந்து இரண்டரை மணி நேரம் தப்பிக்கக் கிடைத்த கதவு. திரும்பவும் அதே வீட்டைத் திரையில் காட்டினால் அவர் எதற்காகப் பத்து வெள்ளி கொடுக்க வேண்டும்? அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போது அவர் பக்கம் இருக்கும் நியாயமும் தெரிகிறது.

அடுத்த வருடம் படிவம் 2. மலாய் பாடத்தில் வாய்மொழிச் சோதனை, மூன்று நிமிடம் பேச வேண்டும், தலைப்பு 'எனக்குப் பிடித்த படம்'. ஜகாட் பற்றி எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தோழி ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைச் சொன்னாள். உடனே நாலு பேர் தலையை ஆட்டி ஆட்டி ஒரு பாட்டை இழுத்தார்கள். ஆசிரியரும் சிரித்துவிட்டார். அவள் ஒரு நிமிடத்தில் முடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அடுத்து நான். நான் போய் ஒரு ஹாலிவுட் சூப்பர் ஹீரோ படத்தைப் பற்றிப் பேசினேன். அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை. நல்ல மதிப்பெண் கிடைத்தது. மடித்து வைத்திருந்த தாள் சட்டைப் பையிலேயே இருந்தது.

அதே 2016இல் ஜூலையில் 'கபாலி' வந்தது. கதை நடப்பதே நம் நாட்டில், நாயகனே மலேசியத் தமிழன். மலாயிலும் மொழிமாற்றம் செய்தார்கள். அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு முதல் நாளே கூட்டிப் போனார். அப்பா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கருத்துப் பகுதியில் சண்டைக்கு வருவீர்கள்: எனக்கும் கபாலி பிடிக்கும், தமிழ்நாட்டுப் படங்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஊர் நம்முடையதாக இருந்தும் பேச்சு பெரும்பாலும் நம்முடையதாக இல்லை என்று எனக்குப் பட்டது, அவ்வளவுதான்.

அந்த வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சிறந்த பட விருதை மலாய் மொழிப் படங்களுக்குத் தனி, மற்ற மொழிப் படங்களுக்குத் தனி என்று பிரித்தார்கள். ஜகாட்டும் 'ஓலா போலா'வும் இரண்டாவது கூடைக்குப் போயின. மலாய்க் கலைஞர்களே முன்னால் நின்று எதிர்த்தார்கள். மூத்த ஒளிப்பதிவாளர் ஒருவர் தான் வாங்கிய விருதுகளையே திருப்பிக் கொடுத்தார். ஏற்பாட்டாளர்கள் எல்லா மொழிப் படங்களுக்கும் பொதுவாக ஒரு விருது வைக்க, செப்டம்பரில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது ஜகாட்டுக்குக் கிடைத்தது. செய்தியை நாளிதழில் பார்த்தபோது எனக்கு அந்த மடித்த தாள்தான் ஞாபகம் வந்தது. முன்பின் தெரியாத மலாய்க்காரர்கள் இந்தப் படத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். என்னால் என் வகுப்பில் அதன் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை.

பிறகு ஷா ஆலாமில் டிப்ளோமா படித்தபோது ஒரே அறையில் நானும் கிளந்தான் மாநிலத்துக்காரன் ஒருவனும். ஒரு வார இறுதியில் மடிக்கணினியில் ஜகாட் ஓட்டினேன். மலாய் வரிகளைப் படித்துக்கொண்டே முழுதும் பார்த்தான். முடிந்ததும் அவன் கேட்டது, "இவங்க பேசுறது நீ உங்க அம்மாகிட்ட ஃபோன்ல பேசுற மாதிரியே இருக்கே?" தமிழே தெரியாதவன் காதுக்கு அது கேட்டிருக்கிறது! அப்புறம் அவன் கதையைச் சொன்னான். கிளந்தான் பேச்சைத் தொலைக்காட்சி நாடகங்களில் சிரிப்பு மூட்டத்தான் வைப்பார்களாம், காதலிப்பவனும் அழுபவனும் கோலாலம்பூர் மலாய்தான் பேசுவானாம். கல்லூரிக்கு வந்த முதல் மாதம் வகுப்பில் வாயே திறக்கவில்லையாம். இந்தக் குறை தமிழனுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பிடித்த படங்களின் பட்டியல் நீங்கள் யாரென்று சொல்லாது. என் பட்டியலில் கொரியத் தொடர் இருக்கிறது, ஜப்பானிய அனிமே இருக்கிறது, நான் கொரியனும் இல்லை, ஜப்பானியனும் இல்லை. யாரிடம் எந்தப் பெயரை மறைக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் ஆளுக்கொரு பதில் சொல்வதால் உங்களுக்கு ரசனை இல்லை என்று ஆகாது. ஏதோ ஒன்று உங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, அதைக் கேலி செய்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். அதை முதலில் ஒரே ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். வகுப்பு முழுதுக்கும் சொல்ல வேண்டாம்.

"மொழி மேல் இவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் ஒழுங்காகத் தமிழ் படி" என்று சிலர் எழுதுவார்கள், தெரியும். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1996 கல்விச் சட்டப்படி, 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் சொல்லித்தர வேண்டும். எங்கள் படிவத்தில் நாங்கள் ஒன்பது பேர். மற்ற படிவத்துப் பிள்ளைகளையும் சேர்த்து 17 கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம். அட்டவணையில் இடம் இல்லை என்றார்கள், ஆசிரியர் இல்லை என்றார்கள், அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அந்த அடுத்த வருடம் வரவே இல்லை. பக்கத்து மாடியில் இருந்த ஓர் அக்கா சனிக்கிழமை காலையில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்துத்தான் நான் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் தமிழ் எடுத்தேன். ஒன்பது பேரில் எழுதியவர்கள் மூன்று பேர். மற்ற ஆறு பேருக்கும் தமிழ் பிடிக்காமல் இல்லை. எனவே இளைஞர்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லை என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். அப்பாவிடம் வருகிறேன்.

அப்பா இன்றுவரை ஜகாட்டை இரண்டாவது முறை பார்க்கவில்லை. நானும் வற்புறுத்துவதில்லை. ஆனால் சில வருடமாக, சாப்பிடும்போது திடீரென்று ஏதாவது சொல்கிறார். "அந்தப் படத்துல காட்டுன மாதிரி இல்ல எங்க கம்பம், எங்களுக்கெல்லாம் ஒரே குழாய்தான், விடிகாலை நாலு மணிக்கே வாளி வச்சு எடம் பிடிக்கணும்." படத்தைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு தன் கதையைச் சொல்கிறார். நான் குறுக்கே ஒன்றும் கேட்பதில்லை, கேட்டால் நிறுத்திவிடுவார். அவர் எழுந்து கை கழுவப் போனதும் அவர் சொன்ன சொற்களைக் கைப்பேசியில் குறித்துக்கொள்கிறேன். இதுவரை 41 சொற்கள் இருக்கின்றன. நேற்று ராத்திரி எழுதியது 'ஆயாக்கொட்டாய்'. அம்மாக்கள் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை. அப்பா நடக்கப் பழகியது அங்கேதானாம்.