படத்தைத் திருப்பிப் பாருங்கள்

பழைய புகைப்படங்கள், புழங்கு பொருட்கள் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயா, எங்கள் பாட்டி வீட்டை இடித்தபோது டிரங்குப் பெட்டியில் அறுபது எழுபது போட்டோக்கள் கிடைத்தன. பாதிப் பேர் யாரென்று அப்பாவுக்கே தெரியவில்லை. எந்த வருஷத்துப் படங்கள் என்றாவது கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகி, பாலக்கோடு

முடியும் அம்மா. முகங்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் போடுங்கள். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் படங்களுக்கு ஒரு வசதி உண்டு. தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. அதுவரை நாமெல்லாம் சேலம் ஜில்லா. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரியில். ஆகவே ஸ்டூடியோ முத்திரையில் ஊருக்குக் கீழே 'சேலம் ஜில்லா' என்றிருந்தால் படம் பெரும்பாலும் 1965க்கு முந்தையது. கிருஷ்ணகிரி ஸ்டூடியோ முத்திரையில் 'தர்மபுரி மாவட்டம்' என்றிருந்தால் இந்த இரண்டு வருஷங்களுக்கும் இடைப்பட்டது. முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்கு முன்னால் போகவே முடியாது. ஆனால் ரப்பர் ஸ்டாம்பு தேயும்வரை அதையே குத்திக்கொண்டிருந்த ஸ்டூடியோக்காரர்கள் உண்டு. முத்திரை ஒன்றை மட்டும் நம்பி வருஷத்தை எழுதிவிடாதீர்கள்.

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பழைய பூட்டு விற்பவர் விரித்திருந்த சாக்கின் மேல் எனக்கு ஒரு படம் கிடைத்தது. கணவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், மனைவி பக்கத்தில் நிற்கிறார். கணவர் இடது கையைத் தொடைமேல் வைத்து, வாட்ச் நம் பக்கம் தெரியும்படி மணிக்கட்டைத் திருப்பியிருக்கிறார். அந்த அம்மாவின் ரவிக்கைக்கு யாரோ மெல்லிய பிரஷ்ஷால் ரோஸ் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். கை அசைந்திருக்க வேண்டும், வண்ணம் கழுத்தில் ஒரு நூலளவு ஏறியிருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலில் '3 காப்பி, பாக்கி 75 ந.பை.' என்று இருக்கிறது. ந.பை. என்றால் நயா பைசா, அதாவது புதுப் பைசா. அது வந்தது 1957 ஏப்ரலில். 1964 ஜூனில் 'நயா' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். ஸ்டூடியோக்காரர் எழுதி வைத்த கடன்கணக்கு எனக்குக் காலத்தைச் சொல்லிவிட்டது. அதற்குக் கீழே மையில் தெலுங்கில் ஒரு வரி. பக்கத்துத் தெரு அம்மா ஒருவர்தான் படித்துச் சொன்னார்: 'பெரிய மருமகளுக்கு.' நம் மாவட்டங்களில் பின்பக்கக் குறிப்பு தமிழில்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். தெலுங்கும் கன்னடமும் நிறைய வரும். கிறுக்கல் என்று அழித்துவிடாமல் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

பெரியவர்களிடம் கேட்கும்போது 'இது யார்?' என்று ஆரம்பிக்க வேண்டாம். பேர் நினைவுக்கு வராவிட்டால் சங்கடப்பட்டுப் பேச்சை நிறுத்திவிடுவார்கள். 'இது எந்த வீட்டுத் திண்ணை?', 'இந்தச் சேலை யாருடையது?' என்று கேளுங்கள். திண்ணையிலிருந்து வீட்டுக்குள்ளும், வீட்டிலிருந்து ஆட்களிடமும் அவர்களே போய்விடுவார்கள். சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். படத்தின் பின் ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் புடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. பெட்டியில் எது எதோடு சேர்த்துக் கட்டியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் நான் ஒரு கறுப்புத்தாள் ஆல்பத்தைப் பிரித்து, நல்ல படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு தாள்களைத் தூக்கிப் போட்டேன். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பது அதோடு போயிற்று. அந்தக் குடும்பத்தை இனி யாராலும் கோக்க முடியாது.

தாத்தாவின் படம் பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படிப் பிரிப்பது?
– வாசகர், ஊத்தங்கரை

பிரிக்காதீர்கள். படத்தின் மேல் இருப்பது ஜெலட்டின் பூச்சு. ஈரம் பட்டு இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது; இழுத்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே வைத்து, நிழலில், போனுக்குப் பின்னால் கறுப்புத் துணி பிடித்துப் பிரதிபலிப்பு விழாமல் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் ஒட்டிய தாளையும் கிழித்து எறிய வேண்டாம். பிரேம் போட்டவர்கள் கையில் கிடைத்த செய்தித்தாளையும் கல்யாணப் பத்திரிகையையும் வைத்து அடைத்திருக்கிறார்கள். அதில் தேதி இருக்கும். மறுபடி மாட்டும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். மழையில் ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள்.

சந்தையில் வாங்கிய ஒரு குடும்ப ஆல்பத்தைக் கல்லூரியில் கண்காட்சியாக வைக்க ஆசை. முன்பின் தெரியாதவர்களின் படங்களை வைப்பது சரியா சார்?
– மாணவர், கிருஷ்ணகிரி

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும் தம்பி. காசு கொடுத்து வாங்கியது தாளைத்தான். படத்துக்கு 1957ஆம் வருஷக் காப்புரிமைச் சட்டப்படி தனி உரிமை உண்டு; வெளியானதிலிருந்து 60 ஆண்டு என்றிருந்த விதி 2012 திருத்தத்தில் மாறிவிட்டது. ஆனால் என் கவலை சட்டத்தைப் பற்றியது அல்ல.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில் நாற்பது படங்கள் வைத்தேன். அதில் ஒன்று, இறந்துபோன ஒரு அம்மாவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, பிள்ளைகள் சுற்றி நின்று எடுத்தது. அப்படி எடுப்பது நம் ஊர்களில் வழக்கமாக இருந்தது. உயிரோடு இருந்தபோது படமே எடுக்காதவர்களுக்கு அது ஒன்றுதான் படம். இரண்டாம் நாள் ஒருவர் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "இது எங்கம்மா. இப்படி மாட்டி வச்சிருக்கீங்களே" என்றார். குரலை உயர்த்தவில்லை. நான் அப்போதே கழற்றி, ஒரு உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அந்தப் படம் சந்தைக்கு எப்படி வந்தது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்து துக்கப் படங்களையும், குழந்தைகளைத் துணியில்லாமல் எடுத்த படங்களையும் பொதுவில் வைப்பதில்லை. பேரும் ஊரும் தெரிந்தால் முதலில் குடும்பத்தைத் தேடுகிறேன். யாராவது 'எங்கள் வீட்டுப் படம்' என்று வந்தால் பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைக் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் பேர் தெரியாத படங்களுக்குக் கதை கட்டி எழுதாதீர்கள். கிடைத்த இடம், தேதி, பின்பக்கத்தில் உள்ளது, இவ்வளவு போதும். பின்பக்கத்தையும் பிரதியெடுத்துப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சுவருக்குப் பிரதிதான் போக வேண்டும். வெயில் பட்டால் கையால் தீட்டிய வண்ணம்தான் முதலில் வெளுக்கும்.

கோலி சோடா பாட்டில், தானியம் அளக்கும் மரக்கால், ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எல்லாம் வைத்திருக்கிறேன். விலை போகுமா?
– வாசகர், பென்னாகரம்

பாட்டிலுக்கும் மரக்காலுக்கும் வாங்க ஆள் உண்டு, பெரிய தொகை வராது. லைசென்ஸ் புத்தகத்தை மட்டும் தயவுசெய்து விற்காதீர்கள். வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபால் ஆபீசில் வருஷா வருஷம் பணம் கட்டினோம் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். உங்கள் புத்தகம் அதற்குச் சாட்சி. மரக்காலைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்க வேண்டாம். மேலே வெட்டிய எழுத்து தேய்ந்துவிடும்.

எங்கள் கொல்லையில் வில் பிடித்த வீரன் செதுக்கிய கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. வீட்டு முன்னால் கொண்டுவந்து வைக்கலாமா?
– வாசகர், அரூர்

வேண்டாம். அது நடுகல்லாக, அதாவது இறந்த வீரனின் நினைவாக நட்ட கல்லாக இருக்கும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் வருஷச் சட்டப்படி தொல்பொருள். வி.ஏ.ஓ. வழியாகத் தொல்லியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். சுண்ணாம்பும் பெயின்டும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளங்காலையில் வெயில் சாய்வாக விழும்போது ஒரு படமெடுத்து எனக்கும் அனுப்புங்கள். உச்சி வெயிலில் தெரியாத எழுத்து அந்த நேரத்தில் தெரியும்.