நெல்லுக்கு ‘சட்டைவா’, பூண்டுக்கு ‘சட்டைவம்’: ஒரே சொல் ஏன் இப்படி மாறுகிறது?

நெல்லின் அறிவியல் பெயர் ஒரைசா சட்டைவா, பூண்டினுடையது அல்லியம் சட்டைவம், குங்குமப்பூவினுடையது குரோகஸ் சட்டைவஸ் என்றிருக்க, இவை மூன்று வெவ்வேறு சொற்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே சொல்தான். விதைத்தலைக் குறிக்கும் ‘செரெரே’ என்னும் லத்தீன் வினையின் எச்ச வடிவம் ‘சதுஸ்’. அதிலிருந்து பிறந்த பெயரடையே ‘சதீவுஸ்’. தானாக முளைக்காமல் மனிதர் விதைத்து வளர்ப்பது என்பது அதன் பொருள். விதையைக் குறிக்கும் ‘செமென்’ என்ற சொல்லும் இதே வேரினது. (இரண்டாம் அசை நெடில் என்பதால் லத்தீனில் அது ‘சதீவா’, ‘சட்டைவா’ ஆங்கில உச்சரிப்பின் வழி நம் பாடநூல்களுக்கு வந்தது.)

ஈறு மாறுவதற்குக் காரணம் பால். லத்தீனில் பெயரடை தான் தழுவும் பெயரின் பாலை ஏற்றாக வேண்டும்: குரோகஸ் ஆண்பால், ஒரைசா பெண்பால், அல்லியம் இரண்டுமல்லாத மூன்றாம் பால். ‘கரிய’ என்ற நம் பெயரடை எந்தப் பெயரின் முன்னும் மாறுவதில்லை என்றாலும், கரியன், கரியள், கரியது என்னும் வடிவங்களை அறிந்த தமிழருக்கு இது புரியாத முறையன்று. மிளகு பைப்பர் நைக்ரம் என்றும், கருங்கடுகு பிராசிக்கா நைக்ரா என்றும் வழங்குவது இதனால்தான்.

மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது அரசமரத்தில். ‘ஃபைகஸ்’ ஆண்பால் ஈறு கொண்டதுபோல் தோன்றினாலும், லத்தீனில் மரப்பெயர்கள் பெரும்பாலும் பெண்பாலாகவே வழங்கியமையால், அது ஃபைகஸ் ரெலிஜியோசா ஆகிறது.

ஒரு செடியை வேறு பேரினத்துக்கு மாற்றும்போதும் இவ்விதி விடுவதில்லை. டாலிகோஸ் யூனிஃபுளோரஸ் என்றிருந்த கொள்ளு, மேக்ரோடைலோமா என்ற பேரினத்துக்குச் சென்றதும் யூனிஃபுளோரம் ஆனது. ‘-மா’ என முடிந்தாலும் கிரேக்க வழிவந்த அப்பெயர் மூன்றாம் பாலினது.

ஆனால் சிற்றினப் பெயர் பெயரடையாக இல்லாமல் தானே ஒரு பெயர்ச்சொல்லாக இருந்தால் அது மாறாது. வெங்காயமும் பூண்டும் ஒரே பேரினமாயினும் வெங்காயம் அல்லியம் சீப்பா என்றே நிற்கிறது. ‘சீப்பா’ ரோமானியர் வெங்காயத்துக்கு வழங்கிய பெண்பால் பெயர், அல்லியத்தின் பாலுக்கு அது இணங்க வேண்டியதில்லை.