கடைசி ஐங்கோணி ஏன் மூடவில்லை?

அன்புள்ள அக்காவுக்கு,

ஏ/எல் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருக்கிறேன். ஒரு மென்பொருளில் நான்கு முக்கோண முகமுள்ள நான்முகியை எடுத்து, ஒவ்வொரு முகத்திலும் கூம்பகம் எழுப்பி, பழைய நாலு மூலைகளையும் வெட்டினேன். 12 ஐங்கோணியும் 4 அறுகோணியும் வந்தன. திரையில் நல்ல வடிவு. எல்லாப் பக்கமும் 4 சென்ரிமீற்றர் என்று ஒழுங்காக வரைந்து பிறிஸ்டல் போர்டில் வெட்டி ஒட்டினால், கடைசி ஐங்கோணி மூடவேயில்லை. மூன்று தரம் செய்தேன், அதே கதை. என் வெட்டு பிழையா? இது புது வடிவமா?

சி., உப்புவெளி

அன்புள்ள தம்பி,

கத்தரிக்கோலைத் திட்டாதையும், வெட்டு சரி. அந்த வடிவம் நீர் நினைத்த மாதிரி இல்லை, அவ்வளவுதான்.

கூம்பகத்தின் நுனியைப் பாரும். அங்கே மூன்று ஐங்கோணிகள் சந்திக்கின்றன, ஒவ்வொன்றிலும் 108 பாகை. அப்படியென்றால் இரண்டு ஐங்கோணிகளுக்கு இடையில் உள்ள மடிப்பு 116.6 பாகையாகத்தான் இருக்க முடியும், வேறு வழியில்லை. இப்போது அதே மடிப்பில் விரலை வைத்து மற்ற முனைக்குப் போம். அங்கே இரண்டு ஐங்கோணியும் ஒரு அறுகோணியும். கணக்குப் போட்டால் மடிப்பு 131.2 பாகை. ஒரே விளிம்பு, அதே இரண்டு முகங்கள், ஒரு முனையில் ஒரு கோணம், மறுமுனையில் அதைவிட ஏறக்குறைய 15 பாகை கூட! மட்டை எப்படி மடியும்?

அப்போ திரையில் எப்படி மூடியது என்று கேட்பீர். மென்பொருள் மூலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி முகங்களைத் தட்டையாக்கிவிடும், பக்க நீளம் சமமா என்று அது கவலைப்படுவதில்லை. ஜோர்ஜ் ஹார்ட் என்ற கணிதவியலாளர் இதற்கு ஒரு முறை எழுதினார், விளிம்புகள் எல்லாம் ஒரே கோளத்தைத் தொடுகிற மாதிரி. ஐங்கோணிகள் கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும், அளந்தால் இல்லை. நீர் ஒரு விளிம்பை அளந்துவிட்டு மிச்சத்தையும் அதேபோல நினைத்துவிட்டீர் போல. விரித்த படத்தை மென்பொருளிடமே வாங்கி அச்சடித்திருந்தால் ஒட்டியிருக்கும். றொபேர்ட் வெப் செய்த ஸ்டெல்லா என்ற மென்பொருளில் அந்த வசதி உண்டு.

புதுசா என்றால், இல்லை. குழிவில்லாமல், எல்லா முகமும் ஒழுங்கான பல்கோணியாக வரக்கூடிய திண்மங்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பிளேட்டோவின் 5, ஆர்க்கிமிடீசின் 13, அரியம், எதிரரியம் என்று முடிவில்லாமல் போகிற இரண்டு வரிசை, இவற்றை விட்டால் மிச்சம் 92 தான். நோர்மன் ஜோன்சன் 1966இல் பட்டியல் போட்டார், இதற்குமேல் இல்லை என்று விக்டர் சல்கல்லர் 1969இல் நிறுவினார். உம்முடையது அதில் இல்லை, அதன் வாசலில் நிற்கிற, மயிரிழையில் தவறின கூட்டத்தில் ஒன்று. எனக்கு அந்தக் கூட்டத்தில்தான் கூடப் பிரியம்.

சின்ன வயதில் பக்கத்து வீட்டுச் சிங்கள மாமாவோடு வெசாக் பண்டிகைக்கு விளக்கு வைக்கிற வெசாக் கூடு கட்டியிருக்கிறேன். ஆறு சதுரங்களை மூங்கில் ஈர்க்கில் கட்டி, மூலைக்கு மூலை நூலால் முடிந்தால் நடுவில் எட்டு முக்கோணம் தானாக வரும். மென்பொருளில் கனவுருவுக்கு (ஆறு சதுர முகமுள்ள பெட்டி) முன்னால், விளிம்புகளின் நடுப்புள்ளி வரை மூலைகளை வெட்டச் சொல்கிற 'ஏ' (a) என்ற எழுத்தைப் போட்டால் இதுதான் வரும், 14 முகம், 12 உச்சி, 24 விளிம்பு. கடதாசி ஒட்டும்வரை அந்தக் கூடு கையில் நெளியும், சதுரம் எல்லாம் சரியும். அளவில் சின்னப் பிழை இருந்தால் நூல் அதை விழுங்கிவிடும். பிறிஸ்டல் போர்ட் விழுங்காது.

அடுத்ததாகச் சிலாசியின் திண்மத்தை முயன்று பாரும். 1977இல் லாயோஷ் சிலாசி கண்டது. ஏழே முகம், எல்லாம் ஆறு பக்கம் உள்ளவை, நடுவில் ஒரு ஓட்டை, ஒவ்வொரு முகமும் மற்ற ஆறையும் தொடும். அதனால் தொடுகிற முகங்களுக்கு வேறு வேறு நிறம் பூச ஏழு நிறமும் வேண்டும், ஒன்றைக்கூட மிச்சம் பிடிக்க முடியாது. முகங்கள் கோணல்மாணலாக இருக்கும், ஒழுங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட்டைப் பக்கத்தை முதலில் ஒட்டும், பிறகு விரல் உள்ளே போகாது.