வீட்டு ஸ்டீரியோவை மேம்படுத்துவதை எப்போது நிறுத்தலாம்?

புதிய கருவியை இணைத்தபின் வித்தியாசத்தைத் தேட வேண்டியிருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். 50 வாட் ஆம்ப்ளிஃபயருக்குப் பதில் 100 வாட் வாங்கினால் ஒலியளவில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 மடங்கு திறன் வேண்டும். சாதாரணக் குறுந்தகடே 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலியைத் தருகிறது. நடுத்தர வயதுக் காதுக்குப் பெரும்பாலும் அவ்வளவு கீச்சென்ற ஒலி எட்டுவதில்லை.

மிச்சக் குறை அநேகமாக அறையில் இருக்கும். என் ஸ்பீக்கர்கள் மூலையில் ஒட்டியிருந்தவரை மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், வெறும் குடத்தைத் தட்டியதுபோல் கும்மென்று மொத்தையாகக் கேட்டது. சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைத்தேன். கை தோலில் அழுந்தி வழுக்கும்போது எழும் கும்கி நாதம் தெளிவாகப் பிரிந்து கேட்டது! புது ஸ்பீக்கர் கேபிளுக்கென்று எடுத்துவைத்திருந்த பணத்தில் அந்த வாரமே கச்சேரிக் குறுந்தகடுகள் வாங்கினேன்.