ஊர் பேர் மட்டும் மாறுது, குரல் ஒண்ணுதான்

கேள்வி: சார், போன வருஷம் அமெரிக்காவுல பையன் வீட்டுக்குப் போயிருந்தப்ப கார்லயே மூணு ஸ்டேட் தாண்டிப் போனோம். வழியில எந்த ஊர் வந்தாலும் ரேடியோவுல அதே பாட்டு, அதே விளம்பரம், ஒரு எடத்துல சத்தியமா காலையில கேட்ட அதே குரல்! "எல்லாம் ஒரே கம்பெனிம்மா"ன்னான் பையன். அவ்ளோ பெரிய நாட்டுல இது எப்படி ஆச்சு?

பதில்: பையன் சொன்னது கிட்டத்தட்ட சரிதாம்மா. முன்னாடி அங்க ஒரு கம்பெனி நாடு முழுக்க 20 ஏஎம், 20 எஃப்எம், ஆக மொத்தம் 40 ஸ்டேஷனுக்கு மேல வச்சுக்க முடியாது. 1996 பிப்ரவரியில கிளின்டன் கையெழுத்துப் போட்ட தொலைத்தொடர்புச் சட்டம் அந்த உச்சவரம்பையே எடுத்துருச்சு, அதுவும் போக பெரிய நகரங்கள்ல ஒரே ஓனர் 8 ஸ்டேஷன் வரைக்கும் வச்சுக்கலாம்னு ஆச்சு. அப்புறம் என்ன, தலைமுறையா குடும்பமா ஸ்டேஷன் நடத்திட்டு இருந்தவங்க நல்ல விலை வந்ததும் வித்துட்டு ஒதுங்கிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. டெக்சாஸ்ல இருக்கற கிளியர் சேனல்ங்கிற கம்பெனி சுமார் 40 ஸ்டேஷன் வச்சிருந்தது, ஆறேழு வருஷத்துக்குள்ள 1,200ஐ தாண்டிருச்சு. இப்ப அதுக்குப் பேரு ஐஹார்ட்மீடியா, இன்னிக்கும் 800க்கு மேல ஸ்டேஷன் அவங்க கையில.

கேள்வி: ஆனா அந்த ஆளு "நம்ம ஊர்ல இன்னிக்கு நல்ல வெயில்"னு சொல்றாரே, அவர் அந்த ஊர்ல இல்லவே இல்லையா?

பதில்: நிறைய நேரம் இல்ல. இதுக்கு வாய்ஸ் டிராக்கிங்னு பேரு. ஒரு பாட்டு முடியுற எடமும் அடுத்த பாட்டு ஆரம்பிக்கற எடமும் கம்ப்யூட்டர்ல தெரியும், நடுவுல பேசறத மட்டும் ரெக்கார்ட் பண்ணி சொருகிடுவாங்க, நாலு மணி நேர ஷோ ஒரு மணி நேரத்துக்குள்ள ரெடி. மிச்ச நேரத்துல அதே ஆளு வேற அஞ்சாறு ஊருக்கும் பேசிடலாம். அந்தந்த ஊர் தெருப் பேரு, ஸ்கூல் பேரு எல்லாம் பேப்பர்ல எழுதி முன்னாடி இருக்கும், உச்சரிப்புல மாட்டிக்கிட்டாத்தான் உண்டு.

எனக்கு குரலை விட பெருசாத் தெரியறது பாட்டைத் தேர்ந்தெடுக்கற ஆளு போனதுதான். முன்னாடி உள்ளூர்ல ஒரு புரோகிராம் டைரக்டர் இருப்பார், பக்கத்துத் தெரு பசங்க பேண்ட் ஆரம்பிச்சு ஒரு டேப்பைக் கொண்டு வந்து கொடுத்தா ராத்திரி ஒரு தடவையாவது போட்டுப் பார்ப்பார், கேட்டவங்க போன் அடிச்சா அந்தப் பாட்டை வச்சுக்குவார், அடிக்கலேன்னா விட்டுருவார். இப்ப பிளேலிஸ்ட் பெரும்பாலும் தலைமை ஆபீஸ்லேர்ந்து வருது, அங்க கொஞ்ச பேருக்கு பாட்டோட சில செகண்டை மட்டும் போட்டுக்காட்டி மார்க் போடச் சொல்வாங்க. இப்படிக் கேட்டா ஏற்கெனவே தெரிஞ்ச பாட்டுக்குத்தானே மார்க் விழும்? அதனால தெரிஞ்ச பாட்டே திரும்பத் திரும்ப ஓடுது, அந்தப் பசங்க டேப்பை யார்கிட்டன்னு கொடுக்கறது. ஸ்டேஷனுக்கு அந்த ஊர்ப் பக்கத்துலயே ஒரு ஸ்டுடியோ இருக்கணும்னு பல பத்து வருஷமா இருந்த விதியையும் 2017ல எடுத்துட்டாங்க.

கேள்வி: பாட்டு கேக்கறதுதானே, உள்ள ஆள் இல்லேன்னா என்ன குடி முழுகிப்போச்சு?

பதில்: 2002 ஜனவரி 18, நார்த் டகோட்டாவுல மைனாட்னு ஒரு ஊர். நடு ராத்திரி தாண்டி சரக்கு ரயில் தடம் புரண்டு அம்மோனியா வாயு ஊருக்குள்ள பரவிருச்சு. யாரும் வெளிய வராதீங்கன்னு ரேடியோவுல சொல்லச் சொல்லலாம்னு போலீஸ் போன் பண்ணினா யாரும் எடுக்கல. அந்த ஊரோட 6 கமர்ஷியல் ஸ்டேஷனும் அப்ப கிளியர் சேனலோடது. ஆபத்து நேரத்துல ரேடியோவுல தானா அறிவிப்பு போடற எச்சரிக்கை மெஷினை போலீஸ்தான் சரியா அமைச்சுக்கலன்னு கம்பெனி சொன்னுச்சு, அதுலயும் உண்மை இருக்கு. ஆனா மெஷின் வேலை செய்யலேன்னா கதவைத் தட்டினா திறக்க ஒரு மனுஷன் வேணுமில்ல? அன்னிக்கு ஒருத்தர் செத்துப்போனார், நூத்துக்கணக்கான பேர் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க.

கேள்வி: நான் காமர்ஸ் படிச்சவன். ஆறு ஸ்டேஷனும் ஒரே ஓனரோடதுன்னா தனக்குத் தானே போட்டி போட மாட்டார், ஆறையும் ஆறு விதமா நடத்துவார். அப்ப வெரைட்டி கூடத்தானே செய்யணும்?

பதில்: நல்ல வாதம் தம்பி, சட்டம் வந்தப்பவும் இதைத்தான் சொன்னாங்க. ஃபார்மட், அதாவது ஒரு ஸ்டேஷன் எந்த மாதிரி பாட்டு போடுதுங்கற வகை, அந்தப் பேரு கூடினதும் நிஜம்தான், ஆனா பேரு வேறயா இருந்த ஃபார்மட் பலதுலயும் பாட்டு நிறைய ஒண்ணாவே இருந்துச்சு. நீங்க காமர்ஸ்னால இன்னொண்ணு சொல்றேன், கடனைப் பாருங்க. 2008ல ரெண்டு தனியார் முதலீட்டு நிறுவனங்கள் கிளியர் சேனலைக் கடன் வாங்கித்தான் வாங்கினாங்க, அந்தக் கடன் கம்பெனி தலையிலயே ஏறிச்சு, சுமார் 2,000 கோடி டாலர். ஆன்லைன்ல பாட்டு வந்து விளம்பர வருமானத்தைத் தின்னது உண்மை, இல்லேன்னு சொல்லல, ஆனா சம்பாதிக்கறது வட்டிக்கே போயிட்டு இருந்தா எந்த ஸ்டேஷன்தான் ராத்திரி ஷிஃப்டுக்கு ஆள் வைக்கும்? 2018 மார்ச்சுல திவால் மனு போட்டாங்க. அதுக்கு நாலு மாசம் முன்னாடி கியூமுலஸ், 2024ல ஆடஸின்னு மத்த பெரிய ரேடியோ கம்பெனிங்களும், வரிசையா அதே கதை. திவால்லேர்ந்து வெளிய வந்த ஐஹார்ட், அதாவது பழைய கிளியர் சேனல், 2020 ஜனவரியில கூட்டமா வீட்டுக்கு அனுப்புனதுல நிறைய பேர் சின்ன ஊர் ஆர்ஜேக்கள்.

கேள்வி: (முதல் கேள்வி கேட்ட அம்மாவே) அடுத்த வருஷமும் போறேன். உள்ளூர் ரேடியோன்னு எதுவுமே கிடைக்காதா?

பதில்: கிடைக்கும்மா. 2000லேர்ந்து 100 வாட்ஸ் வரைக்கும் குட்டி ஸ்டேஷனுக்கு லைசென்ஸ் கொடுக்கறாங்க, லாப நோக்கம் இல்லாத அமைப்புகளுக்கு மட்டும். அஞ்சாறு கிலோமீட்டர்தான் எட்டும், கார்ல போனா ரெண்டு பாட்டுக்குள்ள போயிரும், அதனால எங்கயாவது நிறுத்திட்டுக் கேளுங்க. காலேஜ் ஸ்டேஷன்லாம் பெரும்பாலும் 88லேர்ந்து 92க்குள்ள இருக்கும். மெதுவாத் திருப்பிட்டே வாங்க. தப்பான பாட்டு ஓடி, பாதியில நின்னு, யாரோ சிரிச்சுட்டே ஸாரி சொன்னா அங்கயே வச்சுடுங்க, உள்ள ஆள் இருக்காங்க.